அமெரிக்க அதிபர் தேர்தல்: 'என் ஒரு வாக்கால் என்ன மாறிவிடும்?'

அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பதற்கான வாக்குப்பதிவு 2024 நவம்பர் 5-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை நடைபெற்றது. அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸுக்கும் அப்போது முன்னாள் அதிபராக இருந்த டொனால்ட் டிரம்ப்புக்கும் இடையிலான போட்டி, பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் பிழை வரம்புக்குள்ளேயே நின்றது. யார் வெல்வார் என்பதில் கருத்து வேறுபட்ட இரு கட்சிகளும் ஒரே ஒரு வேண்டுகோளில் ஒன்றுபட்டன. 'மறக்காமல் வந்து வாக்களியுங்கள்' என்பதே அது. 2020-இல் தபால் வாக்கு முறையைக் கடுமையாக விமர்சித்த டிரம்ப் தரப்பும், 2024-இல் முன்கூட்டியே வாக்களித்துவிடுமாறு தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த வேண்டுகோளுக்கு வாக்காளர் பலரும் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பதில் ஒன்று உண்டு: "கோடிக்கணக்கானோர் வாக்களிக்கும்போது என் ஒரு வாக்கால் என்ன மாறிவிடும்?" இது சோம்பேறியின் சாக்கு என்று ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று. அரசியல் அறிஞர்களும் கணிதவியலாளர்களும் பல பத்தாண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகின்றனர். அவர்களுக்குக் கிடைத்த விடை, தேர்தல் சுவரொட்டிகள் சொல்லும் விடையிலிருந்து சற்று மாறுபட்டது.

புளோரிடாவில் நடந்தது என்ன?

வாக்களிக்கத் தூண்டும் பிரசாரம் எதுவானாலும் 2000-ஆம் ஆண்டு புளோரிடாவைக் குறிப்பிடாமல் நிறைவடைவதில்லை. அத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் அல் கோரும் மோதினர். தேர்தல் நாள் இரவில் தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலில் புளோரிடாவை கோர் வென்றதாக அறிவித்தன. பின்னர் அதைத் திரும்பப் பெற்றன. நள்ளிரவுக்குப் பிறகு புஷ் வென்றதாக அறிவித்து, விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன. புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்ட கோர், சிறிது நேரத்தில் மீண்டும் அழைத்து, ஒப்புக்கொண்டதை விலக்கிக்கொண்டார்.

இதில் பலரும் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. புளோரிடாவின் மேற்குப் பகுதி வேறொரு கால மண்டலத்தில் உள்ளது. அங்கு வாக்குப்பதிவு ஒரு மணி நேரம் தாமதமாகவே முடியும். தொலைக்காட்சிகள் முதல் அறிவிப்பை வெளியிட்டபோது அப்பகுதியில் வாக்குச்சாவடிகள் இன்னும் திறந்திருந்தன. அந்த அறிவிப்பைக் கேட்டு எத்தனை பேர் 'இனிப் போய் என்ன பயன்' என்று வீடு திரும்பினர் என்ற விவாதம் பின்னர் நெடுநாள் நீடித்தது.

முதல் எண்ணிக்கையில் புஷ் 1,784 வாக்குகள் முன்னிலை பெற்றிருந்தார். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் மாகாணச் சட்டப்படி இயந்திர மறு எண்ணிக்கை நடந்தது. முன்னிலை சில நூறுகளாகச் சுருங்கியது. பிறகு வந்தவை கையால் எண்ணும் பணி, வழக்குகள், மேல்முறையீடுகள். துளையிடும் வாக்குச்சீட்டுகளில் முழுமையாக அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்த காகிதத் துணுக்குகளை அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த படங்கள் உலகெங்கும் வெளியாயின. டிசம்பர் 12-ஆம் தேதி, 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. இறுதியில் புஷ் பெற்ற வாக்குகள் 29,12,790; கோர் பெற்றவை 29,12,253. வித்தியாசம் 537. அந்த 537 வாக்குகளால் புளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகளும் புஷ்ஷுக்குச் சென்றன, அவர் அதிபரானார். நாடு முழுவதும் எண்ணினால் கோர் ஏறத்தாழ 5.4 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றிருந்தார்.

அதே தேர்தலில் நியூ மெக்சிகோவில் வித்தியாசம் இன்னும் குறைவு: 366 வாக்குகள். அங்கு கோர் வென்றார். ஆயினும் அந்த மாகாணத்தின் ஐந்து தேர்வாளர் வாக்குகள் முடிவை மாற்றப் போதுமானவையாக இல்லாததால், வரலாறு அதை மறந்துவிட்டது.

வந்தும் பதிவாகாத வாக்குகள்

537 என்ற எண்ணுக்குப் பின்னால் அதைவிடப் பெரிய எண்கள் உள்ளன. புளோரிடாவில் வாக்குச்சாவடிக்கு வந்து சீட்டைச் செலுத்தியவர்களிலேயே சுமார் 1.75 லட்சம் பேரின் அதிபர் வாக்கு கணக்கில் சேரவில்லை. ஒன்று, இயந்திரத்தால் எந்த அடையாளத்தையும் காண முடியவில்லை. அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன.

பாம் பீச் மாவட்டத்தின் வாக்குச்சீட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேட்பாளர் பெயர்கள் இடது, வலது என இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்டு, துளைகள் நடுவில் ஒரே வரிசையில் அமைந்திருந்தன. இடது பக்கத்தில் இரண்டாவதாக இருந்தது கோரின் பெயர். ஆனால் இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோரின் ஆதரவாளர்கள் நிறைந்த அந்த மாவட்டத்தில் பழமைவாதியான புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி முதியோர் எளிதில் படிக்க உதவவே அந்த வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதுதான் இதில் வேடிக்கை.

2016-இல் மிச்சிகனில் இதே கதையின் இன்னொரு வடிவம் அரங்கேறியது. அங்கு டிரம்ப் ஹிலாரி கிளின்டனை 10,704 வாக்குகளில் முந்தினார். வாக்குச்சாவடி வரை வந்து, மற்றப் பதவிகளுக்கு வாக்களித்துவிட்டு, அதிபர் பதவிக்கான கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டவர்கள் அம்மாகாணத்தில் சுமார் 75 ஆயிரம் பேர். இருவரையும் பிடிக்கவில்லை என்பது அவர்களில் பலரின் நிலைப்பாடாக இருந்திருக்கலாம்; அது அவர்களது உரிமை. ஆனால் அந்த வெறுமை, வித்தியாசத்தைப் போல் ஏழு மடங்கு.

ஏழு மாகாணங்கள், 93 தேர்வாளர்கள்

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538 பேர். 270 பேரின் ஆதரவைப் பெறுபவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக மற்ற எல்லா மாகாணங்களிலும் முதலிடம் பெறுபவருக்கு அத்தனை தேர்வாளர் வாக்குகளும் சேரும். ஒரு வாக்கில் வென்றாலும் பத்து லட்சம் வாக்குகளில் வென்றாலும் பலன் ஒன்றே. எனவே கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாகாணங்களை வேட்பாளர்கள் கண்டுகொள்வதில்லை. முடிவு ஏறக்குறைய தெரிந்ததே.

2024-இல் கவனம் முழுவதும் பென்சில்வேனியா (19), வடக்கு கரோலினா (16), ஜார்ஜியா (16), மிச்சிகன் (15), அரிசோனா (11), விஸ்கான்சின் (10), நெவாடா (6) ஆகிய ஏழு மாகாணங்களின் மீது குவிந்திருந்தது. இவற்றின் மொத்தம் 93. கமலா ஹாரிஸ் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவை மட்டும் வென்று மற்ற நான்கையும் இழந்திருந்தால், நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரை உள்ளடக்கிய ஒற்றைத் தொகுதியின் ஒரே ஒரு தேர்வாளர் வாக்கு அவரை 270-இல் நிறுத்தியிருக்கும். அது கைநழுவியிருந்தால் 269-269 என்ற சமநிலை ஏற்பட்டிருக்கும். ஒமாஹாவாசிகள் தங்கள் வாக்குக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது.

2016-இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப் பெற்ற முன்னிலையைக் கூட்டினால் 77,744. தேசிய அளவில் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும் ஹிலாரி தோற்றார். 2020-இல் ஜோ பைடன் 70 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலையில் வென்றதாகவே பலரும் நினைவில் வைத்துள்ளனர். அந்த வெற்றியும் நூலிழையில் தொங்கியதே. அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682 என மூன்று மாகாணங்களில் மொத்தம் 42,918 வாக்குகளே வித்தியாசம். அவை மாறியிருந்தால் 269-269 என்ற சமநிலை ஏற்பட்டு, மாகாணத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்திருக்கும். நூறாண்டுக்கும் மேலாகக் காணாத அளவுக்கு மக்கள் திரண்டு வாக்களித்த அத்தேர்தலிலும், தகுதியுள்ள மூவரில் ஒருவர் வாக்களிக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மேற்கண்ட எண்கள் எதிலும் வித்தியாசம் ஒன்று அல்ல. 537-இல் ஒருவர் வீட்டிலேயே இருந்திருந்தால் 536 ஆகியிருக்கும், அதிபர் அவரே. புள்ளியியல் அறிஞர் ஆண்ட்ரூ கெல்மனும் அவரது குழுவினரும் 2008 தேர்தலுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, ஓர் அமெரிக்கரின் தனி வாக்கு அதிபரைத் தீர்மானிப்பதற்கான வாய்ப்பு சராசரியாக 6 கோடியில் ஒன்று. போட்டி கடுமையாக இருந்த ஒருசில மாகாணங்களில் அது 1 கோடியில் ஒன்று. பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1957-இலேயே இந்தப் புதிரை முன்வைத்தார்: லாப நஷ்டம் மட்டுமே பார்ப்பவர் வரிசையில் நின்று வாக்களிக்கக் காரணமே இல்லை; பிறகு ஏன் கோடிக்கணக்கானோர் வாக்களிக்கின்றனர்?

ஒற்றை வாக்கில் முடிவு மாறுவது நடக்கவே நடக்காது என்பதும் இதன் பொருளன்று. தொகுதி சிறிதாகச் சிறிதாக அதற்கான வாய்ப்பு கூடும். ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008 சட்டப்பேரவைத் தேர்தலில் போட்டியிட்ட அன்றைய மாநில காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றார். பாஜகவின் கல்யாண் சிங் சவுகான் பெற்றது 62,216. முதல்வர் பதவிக்கான போட்டியில் முன்னணியில் இருந்தவரை ஒரு வாக்கு வெளியேற்றியது. கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 2004-இல் துருவநாராயண் 40,752 வாக்குகளும் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகளும் பெற்றனர்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணச் சட்டப்பேரவைத் தேர்தலில் 2017-இல் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரு வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். இரு வேட்பாளர்களின் வட்டங்களும் நிரப்பப்பட்டு, ஒன்று அடிக்கப்பட்டிருந்த ஒற்றைச் சீட்டை மறுநாள் நீதிபதிகள் செல்லும் என அறிவித்தனர். அது டேவிட் யான்சி கணக்கில் சேர, இருவருக்கும் தலா 11,608 வாக்குகள். பெயர் எழுதிய தாள்களைப் பழைய புகைப்படச் சுருள் டப்பிகளில் போட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து குலுக்கி எடுத்தனர். யான்சியின் பெயர் வந்தது. 100 பேர் கொண்ட அந்த அவையில் அவரது கட்சிக்கு 51-49 என்ற பெரும்பான்மை அந்தக் குலுக்கலில்தான் கிடைத்தது.

ஆனால் அதிபர் தேர்தலின் கணக்கு வேறு. அங்கு ஒருவரின் வராமை தனியாக நிகழ்வதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் விடை. ஓர் வீட்டில் ஒருவர் வாக்களிக்கச் சென்றால் மற்றவரும் செல்கிறார். ஒருவர் சலித்து அமர்ந்தால் மற்றவரும் அமர்கிறார். டேவிட் நிக்கர்சன் என்ற அரசியல் அறிஞர் டென்வர், மினியாபொலிஸ் நகரங்களில், இரு வாக்காளர்கள் வசிக்கும் வீடுகளில் ஒருவரிடம் மட்டும் வாக்களிக்குமாறு வலியுறுத்தி ஆய்வு நடத்தினார். கதவைத் திறந்தவரிடம் ஏற்பட்ட விளைவில் சுமார் 60 சதவீதம், வாசலுக்கே வராத மற்றவரையும் சென்றடைந்திருந்தது. ஒரு முறை வாக்களித்தவர் அடுத்த முறையும் வாக்களிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் தனி ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

எந்த வேண்டுகோள் பலிக்கிறது?

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998-இல் நியூ ஹேவன் நகரில் சுமார் 30 ஆயிரம் வாக்காளர்களை வைத்து இதைச் சோதித்தனர். வீடு தேடிச் சென்று நேரில் பேசியபோது வாக்குப்பதிவு ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. தபாலில் துண்டறிக்கை அனுப்பியதால் கிடைத்த பலன் மிகச் சொற்பம். கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் தொலைபேசியில் வாசித்த வேண்டுகோள்களால் பலனே இல்லை. கோடிக்கணக்கான டாலர்களை விளம்பரத்தில் கொட்டும் கட்சிகளுக்கு உவப்பான முடிவன்று இது.

2006-இல் மிச்சிகனில் சுமார் 1.8 லட்சம் வீடுகளை உள்ளடக்கி நடந்த ஆய்வு சற்று நெருடலானது. அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். வாக்களித்தாரா இல்லையா என்பது பொது ஆவணம். அதைப் பயன்படுத்தி, அண்டை வீட்டார் யார் யார் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தனர், யார் வாக்களிக்கவில்லை என்ற பட்டியல் கடிதமாக அனுப்பப்பட்டது. கடிதம் பெறாதவர்களில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தனர், பெற்றவர்களில் 37.8 சதவீதம். நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தின் வலிமை இது. இத்தகைய கடிதங்களை மிரட்டலாகக் கருதிக் கொதித்தவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

சமூக ஊடகங்களிலும் நிலைமை இதுவே. 2010 இடைக்காலத் தேர்தல் நாளன்று 6.1 கோடி ஃபேஸ்புக் பயனர்களிடம் நடந்த சோதனையில், வாக்களிக்கச் சொல்லும் வெறும் தகவல் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. ஏற்கெனவே வாக்களித்த நண்பர்களின் முகங்களையும் சேர்த்துக் காட்டியபோதுதான் விளைவு தென்பட்டது. அந்தச் செய்தியை நேரடியாகக் கண்டு வாக்களித்தவர்கள் சுமார் 60 ஆயிரம் என்றும், அவர்களது நண்பர்கள் வழியாகத் தூண்டப்பட்டவர்கள் 2.8 லட்சம் என்றும் ஆய்வாளர்கள் கணித்தனர். தூண்டப்பட்டவர்களின் நண்பர்களே அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

பிரபலங்களின் குரலுக்கு மதிப்பே இல்லை எனச் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் இன்ஸ்டாகிராம் பதிவில் இணைப்பைப் பகிர்ந்ததும், 24 மணி நேரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசின் வாக்காளர் பதிவு இணையதளத்தைப் பார்வையிட்டனர். ஆனால் பார்வையிடுவது வேறு, பதிவு செய்வது வேறு, வாக்களிப்பது வேறு.

பணத்தைக் காட்டி அழைப்பது தனிச் சிக்கல். வாக்களிக்கவோ பதிவு செய்துகொள்ளவோ பணம் தருவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தொழிலதிபர் ஈலோன் மஸ்க்கின் அரசியல் குழு, போட்டி கடுமையான மாகாணங்களில் தன் மனுவில் கையெழுத்திடும் பதிவு பெற்ற வாக்காளர்களில் ஒருவருக்கு நாள்தோறும் 10 லட்சம் டாலர் வழங்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. நீதித்துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிலடெல்பியா மாவட்ட அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தை நாடினார். கையெழுத்துக்கே பணம், வாக்குக்கு அன்று என்பது மஸ்க் தரப்பின் வாதம். வாக்குக்குப் பணம் என்ற சொற்றொடருக்கு விளக்கம் தேவைப்படாத இந்திய வாசகருக்கு இந்த நுணுக்கம் புன்னகையை வரவழைக்கலாம்.

விருப்பம் இருந்தும் தடுப்பவை

இந்தியாவில் வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான மாகாணங்களில் பெயரைப் பதிவு செய்வது குடிமகனின் சொந்தப் பொறுப்பு. வீடு மாறினால் மீண்டும் பதிய வேண்டும். 2024-இல் பென்சில்வேனியாவில் அதற்கான கெடு அக்டோபர் 21-உடன் முடிந்தது. மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாளன்றுகூடப் பதிவு செய்யலாம்.

செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு என்பது 1845-ஆம் ஆண்டுச் சட்டம். ஞாயிறு வழிபாட்டுக்கும் புதன்கிழமைச் சந்தைக்கும் இடையே குதிரை வண்டியில் வந்துபோக விவசாயிகளுக்கு வசதியான நாள் அது என்று விளக்கம் கூறப்படுவதுண்டு. இன்று அது நாடு தழுவிய விடுமுறை நாள் அன்று. 2000 தேர்தலில் பதிவு செய்திருந்தும் வாக்களிக்காதவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை விசாரித்தபோது, ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வேலை அல்லது படிப்பு காரணமாக நேரம் கிடைக்கவில்லை என்றே கூறினார். அக்கறையின்மை என்று எளிதாகச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி, ஷிஃப்ட் முடியும் நேரமும் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரமும்தான்.

முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகப் பரவியுள்ளது. ஹெலீன் சூறாவளி 2024 செப்டம்பர் இறுதியில் வடக்கு கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியைச் சிதைத்துச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், அங்கு அக்டோபர் 17-ஆம் தேதி முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியது. முதல் நாளிலேயே 3.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாகாணம் முழுவதும் வாக்களித்தனர். ஜார்ஜியாவிலும் முதல் நாள் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டிச் சாதனை படைத்தது.

இவ்வேழு மாகாணங்களிலும் இந்திய வம்சாவளியினர் வாழ்கின்றனர். நாடு முழுவதும் வாக்களிக்கத் தகுதியுள்ள இந்திய அமெரிக்கர்கள் 20 லட்சத்துக்கும் அதிகம். ஜார்ஜியாவில் மட்டும் அவர்களது எண்ணிக்கை 2020-இன் 11,779 என்ற வித்தியாசத்தைவிடப் பெரிது. இரு கட்சிகளின் தன்னார்வலர்களும் கோயில் வளாகங்களிலும் தீபாவளி விழாக்களிலும் அவர்களைத் தேடிச் சென்றது இதனால்தான்.

கடைசி நேரத்தில் கவனிக்க வேண்டியவை

பென்சில்வேனியாவில் தபால் வாக்குச்சீட்டை முதலில் ரகசிய உறையிலும், பின்னர் வெளி உறையிலும் இட வேண்டும். உள் உறை இல்லாத சீட்டு செல்லாது என்று அம்மாகாண உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. 2024-இல் வெளி உறையில் கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டியிருந்தது. தபாலில் இட்ட தேதி கணக்கில் வராது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் தேர்தல் அலுவலகத்துக்குச் சீட்டு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தபாலை நம்பாமல் அலுவலகத்திலோ அதற்கென வைக்கப்பட்டுள்ள பெட்டியிலோ நேரில் சேர்ப்பதே பாதுகாப்பு.

வாக்குச்சாவடியில் பட்டியலில் பெயர் இல்லை என்று கூறப்பட்டால், தற்காலிக வாக்குச்சீட்டைக் கேட்டுப் பெறலாம். புளோரிடா குழப்பத்துக்குப் பின் 2002-இல் இயற்றப்பட்ட சட்டம் தந்த உரிமை இது. தகுதி பின்னர் சரிபார்க்கப்பட்டு, உறுதியானால் வாக்கு எண்ணப்படும். சீட்டில் தவறுதலாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்தாமல், அதைத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு கேட்கலாம்.

2024-இல் பென்சில்வேனியாவில் வாக்குப்பதிவு நிறைவடையும் நேரம் இந்திய நேரப்படி புதன்கிழமை காலை 6.30 மணியாக இருந்தது. அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் அனைவரும், எத்தனை மணி நேரமானாலும், வாக்களிக்க அனுமதிக்கப்படுவர். தபால் வாக்குகளைப் பிரிக்கும் பணியே அங்கு தேர்தல் நாள் காலை 7 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், வித்தியாசம் குறைவாக இருந்தால் முடிவு தெரிய ஒருசில நாட்கள் ஆகலாம். 2020-இல் செவ்வாயன்று தொடங்கிய காத்திருப்பு சனிக்கிழமைதான் முடிந்தது.